முதலில் முடிச்சு

அன்புள்ள கயலுக்கு,

ஆரி எம்ப்ராய்டரி வகுப்பில் அடிப்படை முடிந்துவிட்டது, அடுத்து கட்பீட்ஸ், குந்தன், ஜர்தோசி எல்லாம் சேர்ந்த பிரைடல் வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். கட்டலாம், ஆனால் இப்போதே வேண்டாம். ஒரு ஜாக்கெட் துணியைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தைப் பார்த்தே வேலையை மதிப்பிடத் தெரிந்த பிறகு கட்டு. வேலை எத்தனை நாள் உழைக்கும், எந்தத் துணிக்கு ஒத்துவரும், என்ன கூலி கேட்கலாம் என்பதெல்லாம் நூல் அடியில் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி.

நீ கற்ற ஆரியையே எடுத்துக்கொள். ஃபிரேமில் விறைப்பாகக் கட்டிய துணிக்கு மேலே ஒரு கை கொக்கி ஊசியைக் குத்த, கீழே மறுகை அதில் நூலை மாட்டிவிடுகிறது. மேலே கண்ணிக்குள் கண்ணியாகச் சங்கிலித் தையல் எழும்பும். அடியில் வெறும் கோடுதான் தெரியும். ஒரு கண்ணியை நழுவாமல் பிடித்திருப்பது அதற்கு அடுத்த கண்ணி. கடைசிக் கண்ணிக்கு அந்தத் துணை கிடையாது. அங்கே முடிச்சு சரியாக விழாவிட்டால், அரிசி மூட்டையின் வாய்த்தையலைச் சரியான முனையில் இழுத்த மாதிரி மொத்தமும் உருவிக்கொண்டு வரும். மணி கோத்த வரிசையானால் மணியும் கூடவே கொட்டும். கட்பீட்ஸின் கூரான விளிம்பு நூலை அறுக்கவும் செய்யும். அதனால் கொடி முழுவதையும் ஒரே ஓட்டமாகப் போடாதே. இதழுக்கு இதழ் முடிச்சுப் போட்டு நிறுத்தினால், அறுந்தாலும் சேதம் ஓர் இதழோடு போகும்.

இது ஆரிக்கு மட்டும் உள்ள கவலை என்று நினைக்காதே. நீலகிரியில் தோடர் பெண்கள் ஃபிரேமும் இல்லாமல், வரைந்த கோடும் இல்லாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். தைப்பதே துணியின் மறுபக்கத்திலிருந்துதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. லக்னோவின் சிக்கன் வேலையில் பகியா என்றொரு தையல் உண்டு. மெல்லிய மஸ்லினுக்கு அடியில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, அதன் நிழலை மேலே பூவாகக் காட்டுவார்கள். ஜர்தோசியில் கணக்கே வேறு. விலை உயர்ந்த உலோகச் சுருளைத் துணிக்குள் நுழைக்காமல் மேலேயே படுக்கவைத்து, சாதாரண நூலால் பிடித்துத் தைக்கிறார்கள். மூன்றிலும், அடியில் என்ன போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்த பிறகே முகப்பு உருவாகியிருக்கிறது.

லைனிங் வைத்து மூடிவிடுவார்களே, பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்பாய். லைனிங் கண்ணுக்கு மறைக்கும். உராய்வையும் வியர்வையையும் முழுதாகத் தடுக்காது. இன்னொன்று, வேலை முடிந்த பிறகுதான் டெய்லர் துணியை வெட்டுகிறார். டிசைன் வெட்டுக் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் கத்தரி சங்கிலியின் நடுவில் விழும். ஆகவே கழுத்து, கை, அக்குள் ஓரங்களில் வெட்டுக் கோட்டுக்குச் சற்று உள்ளேயே முடிச்சு விழ வேண்டும். உடம்பு பெருத்துப் பிரித்துத் தைக்கும் காலத்திலும் இதுதான் காப்பாற்றும்.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி வந்த பிறகு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. அந்த மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் ஓரிடத்தில் அறுந்தாலும் சங்கிலி போல உருவிக்கொண்டு வராது. அதாவது, முடிச்சில் அசட்டையான கைவேலை உறுதியில் மெஷினிடம் தோற்கும், விலையிலும் தோற்கும். கைக்குத் தனிக் கூலி கேட்க வேண்டுமானால், சாதாரண மெஷினில் ஏறாத மணியும் சுருளும் நம் கையில் உதிராமல் நிற்க வேண்டும்.

முடிச்சுக்கு நேரம் போகிறது, பேசிய கூலிக்குக் கட்டுப்படியாகாது என்பதை மறுக்க மாட்டேன். அப்படியானால் குறைக்க வேண்டியது டிசைனை. கழுத்தைச் சுற்றி மூன்று வரிசை கேட்பவரிடம், இந்தத் தொகைக்கு ஒரு வரிசைதான் வரும் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடு. சிலர் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், போகட்டும்.

அன்புடன்,
பெரியம்மா