கணிப்பொறி அணைய மறுத்தால்...

மாலை நான்கரை மணி. பள்ளிக் கணிப்பொறி அறையைப் பூட்டுவதற்காக ஆசிரியர் சாவிக்கொத்துடன் வாயிலில் நிற்கிறார். காலை முதல் மொட்டைமாடியின் வெப்பநிலையை நிமிடந்தோறும் அளந்துவந்த உங்கள் நிரல், அளவீடுகள் அனைத்தையும் ஒரு புதிய கோப்பில் இப்பொழுதுதான் எழுதி முடித்தது. உடனே கணிப்பொறியை அணைக்க ஆணை கொடுத்துவிட்டீர்கள். மற்றக் கணிப்பொறிகள் எல்லாம் அணைந்துவிட்டன. உங்களுடையது மட்டும் கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரியைக் காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பத்து வினாடி ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நீங்கள் பொறுமையிழந்து மின்பொத்தானை நான்கைந்து வினாடி அழுத்திப் பிடிக்கிறீர்கள். திரை இருண்டது.

மறுநாள் காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது. நீங்கள் வைத்த பெயரும் இருக்கிறது. ஆனால் அதன் அளவு சுழி பைட்! நேற்றைய வெயிலை இனி யார் அளந்து தருவார்கள்?

"லினக்ஸ் சரியில்லை" என்பார் ஒருவர். "எஸ்.எஸ்.டி. கெட்டுப்போயிற்று" என்பார் மற்றொருவர். இரண்டுமே தவறாக இருக்கக்கூடும். என்ன நடந்தது என்பதை அறிய, ஒரு நிரல் "எழுதிவிட்டேன்" என்று சொன்ன பிறகு அந்த எழுத்து எந்த வழியாகப் பயணம் செய்கிறது என்று பார்ப்போம்.

தபால் பெட்டியில் போட்ட கடிதம்

தெருமுனைத் தபால் பெட்டியில் ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டு "கடிதம் அனுப்பிவிட்டேன்" என்று சொல்கிறோம். உண்மையில் கடிதம் இன்னும் நம் தெருவைத் தாண்டவில்லை. குறித்த நேரத்தில் தபால்காரர் வந்து எல்லாக் கடிதங்களையும் சேர்த்து அள்ளிச் செல்வார். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முறை ஓடிவருவது அவருக்குக் கட்டுப்படியாகாது.

லினக்ஸின் கருநிரலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. நிரல்கள் எழுதச் சொல்வதை முதலில் ரேம் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. எழுதப்பட்டும் இன்னும் சேமிப்பகத்தைச் சேராத இப்பகுதிகளுக்கு "அழுக்குப் பக்கங்கள்" என்று பெயர். பெயரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். சலவைக்குப் போகக் காத்திருக்கும் துணி என்று எண்ணிக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில், இவற்றைக் கவனிக்கும் பகுதி 5 வினாடிக்கு ஒரு முறை விழித்துப் பார்க்கும். 30 வினாடிக்கு மேல் பழையதான பக்கங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும். மின்சாரம் போனால் ரேமில் உள்ளது அனைத்தும் மறைந்துவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நம் கதையில் கோப்பு எழுதப்பட்டு மின்பொத்தானை அழுத்திப் பிடித்தது வரை ஏறத்தாழ 25 வினாடிகளே ஆகியிருந்தன. தபால்காரர் வருமுன்பே பெட்டியைப் பெயர்த்து எறிந்துவிட்டோம்!

அப்படியானால் பெயர் மட்டும் எப்படிப் பிழைத்தது? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது.

குறிப்பேடும் பேரேடும்

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்குக் குறிப்பேடு, பேரேடு என்ற இரண்டும் பழக்கமானவை. நடவடிக்கை நடந்தவுடன் முதலில் குறிப்பேட்டில் பதிவார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்கு எடுத்து எழுதுவார்கள். எடுத்து எழுதும்போது பாதியில் விளக்கு அணைந்துபோனால் குழப்பமில்லை. குறிப்பேட்டைப் பார்த்து மீண்டும் எழுதிவிடலாம்.

கோப்பு முறைமைகளில் இந்த உத்தி அப்படியே கையாளப்படுகிறது. 1993இல் வந்த எக்ஸ்ட்2 முறைமைக்குக் குறிப்பேடு கிடையாது. மின்தடைக்குப் பின் வட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டியிருந்தது. பெரிய வட்டானால் அதற்கு வெகுநேரம் பிடித்தது. 2001இல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட்3 குறிப்பேட்டைக் கொண்டுவந்தது. 2008 டிசம்பரில் எக்ஸ்ட்4 நிலையான வடிவம் பெற்றது. இன்று உபுண்டு, டெபியன் முதலிய பல லினக்ஸ் வகைகளில் வழக்கமாக அமைவது இதுவே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான அமைப்பில் இக்குறிப்பேட்டில் பதிவாவது கோப்பின் பெயர், அளவு, அது இருக்கும் இடம் போன்ற மேல்விவரங்களே. உள்ளடக்கம் பதிவாவதில்லை. குறிப்பேடு 5 வினாடிக்கு ஒரு முறை எழுதப்படும். எக்ஸ்ட்4 இதற்கு மேலும் ஒரு சாமர்த்தியம் செய்தது: கோப்பின் உள்ளடக்கத்தைச் சேமிப்பகத்தில் எங்கே வைப்பது என்ற முடிவையே கடைசி வரை தள்ளிப்போட்டது. தள்ளிப்போட்டால் தொடர்ச்சியான நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கலாம் அல்லவா? ஆகவே 5 வினாடியில் பெயர் பதிவாகிவிடுகிறது. உள்ளடக்கம் 30 வினாடி கழித்தே வருகிறது. இந்த இடைவெளியில் மின்சாரம் போனால் மிஞ்சுவது பெயருள்ள வெற்றுக் கோப்பு.

இது கற்பனை அன்று. 2009 ஜனவரியில், உபுண்டுவின் 9.04 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, கணிப்பொறி திடீரென்று நின்றுபோனபின் பல அமைப்புக் கோப்புகள் சுழி பைட் ஆகிக் கிடப்பதாக ஒரு முறையீடு வந்தது. பெரும் விவாதம் எழுந்தது. எக்ஸ்ட்4ஐ உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான தியோடர் ட்ஸோ, உள்ளடக்கம் உறுதியாகச் சேர வேண்டுமானால் நிரல்கள் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று விளக்கினார். கேட்பதற்கு "எஃப்சிங்க்" என்றொரு வழி பல காலமாகவே உண்டு. ஆயினும் எண்ணற்ற நிரல்கள் அதைக் கேட்காமலே எழுதப்பட்டிருந்தன. ஆகவே 2009 ஜூனில் வந்த 2.6.30 கருநிரலில், பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும் வழக்கமான சந்தர்ப்பங்களில் உள்ளடக்கம் உடனே இடம்பெறும்படி திருத்தம் செய்யப்பட்டது. என் கருத்தில் இரு தரப்பாரும் சொன்னது சரியே. ஆனால் கோப்பை இழந்தவனுக்கு நியாயம் சோறு போடாது.

இத்திருத்தம் பழைய கோப்பை மாற்றி எழுதும்போது உதவும். முற்றிலும் புதிய கோப்புக்கு உதவாது. நம் வெப்பநிலைக் கோப்பு புதியது!

வட்டில்லாத வட்டு

சேமிப்பகத்தின் வாயிலை அடைந்துவிட்டால் ஆபத்து நீங்கிற்றா? அதுவும் இல்லை. எஸ்.எஸ்.டி. என்பதில் சுழலும் தட்டு எதுவுமில்லை. உள்ளே இருப்பவை ஃபிளாஷ் சில்லுகள். ஜப்பானில் டோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய நினைவக வகை இது. நேண்ட் எனப்படும் இன்றைய வகை 1987இல் வெளியிடப்பட்டது. மிக நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்து, சிறையில் உள்ள மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு 0, 1 என்று படிக்கிறார்கள்.

கரும்பலகையில் ஒரு சொல் தவறானால் அந்தச் சொல்லை மட்டும் துடைத்துவிட்டு எழுதலாம். ஃபிளாஷில் இது நடவாது. எழுதுவது சில கிலோபைட் கொண்ட "பக்கம்" கணக்கில். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய "தொகுதி" கணக்கில். எனவே எஸ்.எஸ்.டி. பழைய இடத்தில் திருத்துவதே இல்லை. புதிய பக்கத்தில் எழுதிவிட்டு, "இந்த எண்ணுள்ள பகுதி இனி இங்கே இருக்கிறது" என்று தன் முகவரிப் பட்டியலை மாற்றிக்கொள்கிறது. அந்தப் பட்டியலின் நடப்புப் பிரதியைப் பல எஸ்.எஸ்.டி.கள் தமக்குள்ளே இருக்கும் ஒரு சிறு ரேமில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஃபிளாஷில் எழுதிவைக்கின்றன. திடீரென்று மின்சாரம் போனால் பட்டியலே பழையதாகிப்போகலாம்.

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. இடத்தை மிச்சப்படுத்த ஒரே அறையில் இரண்டோ அதற்கு மேலோ பிட்டுகளை வைக்கிறார்கள். முதல் பிட் முன்பே எழுதப்பட்டு நிலைபெற்றிருக்கும். இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மின்னூட்டம் அரைகுறையாக நின்று, முன்பே பத்திரமாக இருந்த முதல் பிட்டும் கெட்டுப்போகலாம். இன்று எழுதியதால் நேற்று எழுதியது அழிகிறது!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் எச்.பி. ஆய்வகத்தாரும் சேர்ந்து ஐந்து நிறுவனங்களின் 15 எஸ்.எஸ்.டி.களை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கையிலேயே மூவாயிரம் முறைக்கு மேல் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 15இல் 13 எதிர்பாராத வகையில் தவறின. ஒன்று அடியோடு செயலிழந்தது. மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கு இடம் அணுக முடியாததாயிற்று. சர்வர்களுக்கென்று செய்யப்படும் விலை கூடிய எஸ்.எஸ்.டி.கள் பலவற்றில், கையிலுள்ள வேலையை முடிக்குமளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் மின்தேக்கிகள் இருக்கும். வீட்டுக்கும் பள்ளிக்கும் வாங்கும் சாதாரண வகைகளில் பெரும்பாலும் அவை இரா.

அணைத்தல் என்பது ஒரு வரிசை

இப்போது அணைக்கும் ஆணையின் அருமை விளங்கும். சிஸ்டம்டி என்னும் மேற்பார்வை நிரல், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பணியிடமும் "வேலையை முடித்துக்கொள்" என்று சொல்லிக் காத்திருக்கிறது. பொதுவாக 90 வினாடி அவகாசம் தருகிறது. அதற்குள் முடியாத பணியைக் கட்டாயமாக நிறுத்துகிறது. பிறகு கோப்பு முறைமைகள் கழற்றப்படுகின்றன. அழுக்குப் பக்கங்கள் யாவும் எழுதப்படுகின்றன. கடைசியாகக் கருநிரல் எஸ்.எஸ்.டி.க்கு "மின்சாரம் போகப்போகிறது" என்று முன்னறிவிப்புக் கொடுக்கிறது. எஸ்.எஸ்.டி. தன் பட்டியலைப் பத்திரப்படுத்தி "ஆயிற்று" என்ற பிறகே மின்சாரம் நிற்கும்.

கறுப்புத் திரையில் கண்ட வரி பெரும்பாலும் "ஸ்டாப் ஜாப்" என்ற சொற்களுடன், நிற்க மறுக்கும் பணியின் பெயரையும், எத்தனை வினாடி ஆயிற்று என்பதையும் காட்டும். அதைப் படியுங்கள்! வினாடிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் கணிப்பொறி உயிரோடிருக்கிறது. ஒன்றரை நிமிடம் பொறுத்தால் தானே அணையும். வேறொரு கணிப்பொறியில் உள்ள பொதுக் கோப்புறையை இணைத்திருந்து, அந்தக் கணிப்பொறி முன்னதாகவே அணைந்துவிட்டால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். கேட்டவர் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போல.

ஐந்து நிமிடமாகியும் அசைவில்லையென்றால் என்ன செய்வது? பொத்தானுக்குப் போகுமுன் ஒரு வழி உண்டு. ஆல்ட் விசையையும், பிரிண்ட் ஸ்கிரீன் என்று எழுதியுள்ள விசையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்ற ஆங்கில எழுத்துகளைச் சில வினாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ் எழுதவேண்டியதை எழுதச் சொல்கிறது. யூ கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்றுகிறது. பி கணிப்பொறியை மறுபடி தொடங்குகிறது. உபுண்டு, டெபியன் இரண்டிலும் இம்மூன்றும் வழக்கமாக அனுமதிக்கப்பட்டிருக்கும். எஸ்.எஸ்.டி.யே பதில் சொல்லாமல் நின்றுவிட்டால் மட்டும் இதனால் பயனில்லை. அப்போது பொத்தான்தான் கதி.

மறுநாள் காலையில்

தொடங்கும்போது "ஜர்னல் மீட்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அஞ்ச வேண்டாம். குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேடு சரிசெய்யப்படுகிறது, அவ்வளவே. முதல் வேலையாக, சென்ற ஓட்டத்தின் பதிவேட்டைப் படியுங்கள். "ஜர்னல்சிடிஎல்" என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் பி, மீண்டும் இடைவெளி விட்டுச் சிறுகோட்டுடன் 1 என்று கொடுத்தால் அது கிடைக்கும். கடைசி வரிகளில் பணிகள் யாவும் நின்றுவிட்டதாக இருந்தால் குற்றம் அவற்றினுடையது அன்று. கருநிரலையோ சாதனத்தையோ சந்தேகிக்க வேண்டும். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, கோப்பு முறைமை தானாகவே படிக்க மட்டும் என்று மாறிவிட்டாலோ, முக்கியமான கோப்புகளை முதலில் வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கையால் சோதிக்கும்படி கணிப்பொறி கேட்டால் எஃப்.எஸ்.சி.கே. என்ற கருவி இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள கோப்பு முறைமையின் மீது அதை ஏவுவது, ஓடும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றுவதற்கு ஒப்பாகும். பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸைத் தொடங்கி, கழற்றிய நிலையில்தான் சோதிக்க வேண்டும். அது சீர்செய்வது பேரேட்டின் ஒழுங்கை; எழுதப்படாத வெப்பநிலையை அது எங்கிருந்து கொண்டுவரும்?

"ஸ்மார்ட்சிடிஎல்" என்ற கருவி எஸ்.எஸ்.டி.யின் உடல்நல அறிக்கையைக் காட்டும். என்.வி.எம்.இ. வகைகளில் "பாதுகாப்பற்ற அணைப்புகள்" என்றொரு எண் அதில் இருக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் மின்சாரம் பறிபோன ஒவ்வொரு முறையையும் எஸ்.எஸ்.டி. எண்ணி வைத்திருக்கிறது!

செய்து பாருங்கள்

லினக்ஸில் "ப்ராக்" என்னும் அடைவிலுள்ள "மெம்இன்ஃபோ" கோப்பைத் திறந்தால் "டர்ட்டி" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அழுக்குப் பக்கங்களின் அப்போதைய அளவு அது. ஐந்நூறு மெகாபைட் அளவுள்ள ஏதேனும் ஒரு கோப்பை அதே கணிப்பொறியில் பிரதி எடுங்கள். பிரதி முடிந்தது என்ற செய்தி வந்தவுடன் அந்த வரியை மீண்டும் பாருங்கள்; எண் திடீரென்று ஏறியிருக்கும். இப்போது "சிங்க்" என்ற கட்டளையைக் கொடுத்து, அது முடியும் வரை காத்திருந்து, மறுபடி பாருங்கள். எண் சுழியை ஒட்டி இறங்கிவிடும். முற்றிலும் சுழியாக ஏன் நிற்பதில்லை என்று கேட்பீர்கள்: நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வினாடியிலும் கணிப்பொறி தன் பதிவேட்டில் எதையேனும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது.