தண்ணீருக்குள் சிவப்பு ஏன் நீலமாகவில்லை?

பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர், அதில் நான்கைந்து சொட்டுப் பால். லேசர் விளக்கின் சிவப்புக் கற்றையைச் சாய்வாக உள்ளே செலுத்தினேன். கற்றை வளைவது பளிச்சென்று தெரிந்தது. (லேசரை எப்போதும் ஆசிரியர் கையில்தான் வைத்திருக்க வேண்டும், கற்றை யார் கண்ணிலும் படக்கூடாது.) லேசரின் மேல் 650 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்ததைப் பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நீருக்குள் அலைநீளம் எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னேன். 489 என்று விடை வந்தது.

மூன்றாவது பெஞ்சு மாணவி எழுந்தாள். "சார், 489ன்னா அட்டவணைல நீலத்துக்கு வருது. ஆனா தண்ணிக்குள்ளயும் சிவப்பாத்தானே தெரியுது?"

பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. "நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும்மா, நம்ம கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

காலாண்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா: ஒளி காற்றிலிருந்து நீருக்குள் செல்லும்போது மாறாதது எது? திசைவேகம், அலைநீளம், அதிர்வெண், இவற்றில் எதுவுமில்லை. அவள் நான்காவதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சிவப்பு மையால் தவறு போட்டேன். விடைத்தாளை வாங்கியவள் மெதுவாகச் சொன்னாள்: "நிறம் மாறும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. நிறம் மாறினா அதிர்வெண்ணும் மாறணும்ல?"

அவள் தர்க்கத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் சொன்னதில் இருந்தது. வகுப்பின் முன்னேயே அதைச் சொல்லி அந்த மதிப்பெண்ணைக் கொடுத்தேன். ஆனால் மதிப்பெண் கொடுத்ததால் அவள் கேள்வி தீர்ந்துவிடவில்லையே! "அதிர்வெண் மாறாது" என்பதை நானும் இத்தனை ஆண்டுகள் ஒரு வரியாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஏன் மாறாது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனேன். சுண்ணாம்புப் பொடியால் ஓர் எல்லைக்கோடு. ஒரு பக்கம் 60 செ.மீ. இடைவெளியில் பத்துக் கோடுகள், அது காற்று. மறுபக்கம் 45 செ.மீ. இடைவெளியில் பத்துக் கோடுகள், அது நீர். 60ஐ 45ஆல் வகுத்தால் 1.33 வருவதை அவர்களே கண்டுபிடித்தார்கள். கோட்டுக்கு ஒருவராக நிற்கவைத்து, ஒவ்வொரு கைதட்டலுக்கும் அடுத்த கோட்டுக்கு நகரச் சொன்னேன். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அலைமுகடு. எல்லையைத் தாண்டியவர்கள் நெருக்கமாகிறார்கள், மெதுவாகவும் போகிறார்கள். ஆனால் ஒரு தட்டலுக்கு ஒருவர் எல்லைக்கு வருகிறார், ஒருவர் தாண்டுகிறார்.

பிறகு, நீரில் இருப்பவர்கள் மட்டும் இரண்டு தட்டலுக்கு ஒருமுறை நகரட்டும் என்றேன். நாலாவது தட்டலிலேயே எல்லைக்கோட்டில் ஒரே நெரிசல், சிரிப்பு. "சார், வர்றவங்க நிக்க எடமில்ல!" அந்தக் கூச்சல்தான் எனக்கு வேண்டிய விடை. எல்லைக்கு நொடிக்கு எத்தனை முகடுகள் வருகின்றனவோ அத்தனையும் உள்ளே போயாக வேண்டும். முகடுகள் எல்லையில் குவியவும் முடியாது, புதிதாக முளைக்கவும் முடியாது. எல்லைக்கோட்டைச் சாய்வாகப் போட்டு, நான்கு பேர் கைகோத்து வரிசையாக நடந்து உள்ளே போகட்டும்; முதலில் நுழைபவரின் அடி சுருங்குவதால் வரிசையே திரும்பும். ஒளிவிலகலையும் அதே மைதானத்தில் முடித்துவிடலாம்.

வகுப்புக்குத் திரும்பிக் கணக்கைச் சரிபார்த்தோம். காற்றில் 3 × 10⁸ மீ/வி வேகத்தை 650 நானோமீட்டரால் வகுத்தால் சுமார் 4.6 × 10¹⁴ ஹெர்ட்ஸ். நீரில் 2.26 × 10⁸ஐ 489 நானோமீட்டரால் வகுத்தாலும் அதேதான். பாடநூலில் நிறங்களுக்கு நேரே இருக்கும் அலைநீளங்கள் வெற்றிடத்துக்கு உரியவை. காற்றுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். நீருக்குள் அந்த அட்டவணையைக் கொண்டுபோனதுதான் குழப்பத்துக்குக் காரணம். விழித்திரைச் செல்களைத் தூண்டுவது ஒளித்துகளின் ஆற்றல். அந்த ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அட்டவணைக்குப் பக்கத்தில் அதிர்வெண்ணுக்கு ஒரு பத்தியைப் பிள்ளைகளையே போட்டு நிரப்பச் சொல்லுங்கள். மின்காந்த அலைகள் முழுவதற்கும் அது உதவும், எஃப்.எம். நிலையங்கள்கூடத் தங்களை மெகாஹெர்ட்ஸில்தானே அறிவிக்கின்றன.

மணி அடிக்கும் நேரத்தில் அவள் மறுபடி எழுந்தாள். "சார், கண்ணுக்குள்ளயும் தண்ணி மாதிரிதானே இருக்கு? அப்போ..."

விழித்திரைக்கு முன்னால் இருக்கும் பாய்மத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34 என்று சொல்லி, சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். 650ஐ 1.34ஆல் வகுத்து 485 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "அப்போ நாம இதுவரைக்கும் பார்த்த இந்த லேசரோட சிவப்பு எல்லாமே உள்ள போகும்போது 485தானா சார்?"

"ஆமாம்மா" என்றேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.