பெண்ணுரிமைச் செய்தியாளராக: குமுளியில் தொடங்குங்கள்

பெண்ணுரிமை பற்றி எழுத வேண்டும் என்று வரும் இளையவர்களிடம் நான் முதலில் கேட்பது, கூலிக் கணக்கு பார்க்கத் தெரியுமா என்றுதான்.

விடியற்காலையில் கம்பம், கூடலூர்ப் பெண்கள் ஜீப்பில் மலையேறிக் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வருகிறார்கள். ஓட்டு தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், வேலை கேரளத்தின் இடுக்கியில். தமிழ்நாட்டு நிருபர் எல்லைச் செக்போஸ்ட்டோடு நின்றுவிடுவார். கேரள நிருபருக்கு இவர்கள் வெளியூர்க்காரர்கள். இருவரும் விட்ட இடத்தில் உங்களுக்கு வேலை இருக்கிறது. மலையாளம் பேசினால் போதாது, எழுத்துக்கூட்டியாவது படிக்கப் பழகுங்கள்.

மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015 செப்டம்பரில் நடத்திய 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) போராட்டத்தைப் பாடமாகப் படியுங்கள். 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைந்ததில் தொடங்கியது அது. நாள்கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடவில்லை. கோமதி, லிசி சன்னி போன்ற தொழிலாளிகளே முன்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் வந்தது. அக்டோபரில் கூலி 301 ஆனது. கொழுந்து எடுப்பது பெண்கள், பேரம் பேசுவது ஆண்கள் என்பது அதன்பிறகுதான் நாடு முழுக்கச் செய்தியானது. அதைப் போராட்டம் வெடிப்பதற்கு முன்பே எழுதுகிறவர்தான் நல்ல நிருபர்.

ஜீப்பில் பேட்டி எடுக்காதீர்கள். லீவு நாளில் வீட்டுக்குப் போங்கள். கழிப்பறை உண்டா, கைக்குழந்தையை யார் பார்க்கிறார்கள், அதே வேலைக்கு ஆணுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் விலை ஏறிய வாரம் கூலி ஏறியதா என்பதும் பெண்ணுரிமைச் செய்திதான். ஆனால் பெண்ணுரிமையை மட்டும் எழுதிப் பிழைக்க முடியாது; சந்தை, நீதிமன்றம் எல்லாம் சேர்த்து எழுதினால்தான் ஆரம்பத்தில் வீட்டு வாடகை கொடுக்க முடியும்.

பாலியல் வன்கொடுமைச் செய்தியில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். பெயரை மறைத்துவிட்டு எஸ்டேட்டையும் தெருவையும் எழுதினால், சிற்றூரில் அது பெயர் சொன்னதற்குச் சமம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. முதலாளி ஏற்பாடு செய்யும் வண்டியும் அதன்படி பணியிடமே. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்பவர்கள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இடுக்கிக் குழுவுக்குத் தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து எத்தனை புகார் வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று பதில் வந்தால் உடனே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஜீப்பில் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அப்படியொரு குழு இருப்பது தெரியும் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள்.