நாள் கடந்த உணவு

உயிரைத் தாங்கும் உணவே காலம் கடந்தால் உயிரை வருத்தும் நஞ்சாகவும் மாறக்கூடும். எந்த உணவு எத்தனை நாள் தாங்கும் என்பதை முன்னோர் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் அறிந்தனர். இன்று உறையின்மேல் அச்சிட்ட நாள் அதனை அறிவிக்கிறது. எங்கே புலன்களை நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதை அறிந்துகொள்வது இன்றைய வாழ்வின் அடிப்படைத் தேவையாகும்.

மண்ணும் சேமிப்பும்

பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் மானாவாரியாக விளைகின்றன. செட்டிகுளம், ஆலத்தூர் பகுதிகளில் சின்ன வெங்காயம் பயிராகிறது. அருகிலுள்ள அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையிலுள்ள திருமானூர்ப் பகுதி நெல் விளையும் நிலம். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகள் முந்திரிக்குப் பெயர்பெற்றவை. மழையை நம்பி விளைவிப்போர்க்கு விளைச்சலைவிடக் கடினமானது, விளைந்ததைக் கெடாமல் காப்பதே.

பெரம்பலூர் உழவர்கள் சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் முறை இதற்குத் தக்க சான்று. கற்களின்மேல் தரையில் படாதவாறு மேடையமைத்து, பக்கங்களில் காற்றுப் புகும் தட்டிகளை நிறுத்தி, மேலே கூரை வேய்வர். இதற்குப் ‘பட்டறை’ என்று பெயர். விலை ஏறும் வரையிலும், அடுத்த விதைப்பு வரையிலும் வெங்காயம் அதில் மாதக்கணக்கில் தங்கும். ஈரம் சேராமல் இருப்பதும் காற்று ஓடிக்கொண்டிருப்பதுமே அதன் நுட்பம். நெல்லைக் காத்த குதிரும் பத்தாயமும், மோரில் ஊறிக் காயும் வற்றலும், வெங்காயம் சேர்த்து உருட்டிய வடகமும், உப்பில் ஊறும் மாவடுவும், வெயிலில் உலரும் கருவாடும் இவ்வறிவின் வேறு வேறு வடிவங்களே. நீரை அகற்றினாலோ, உப்பையோ புளிப்பையோ மிகுத்தாலோ நுண்ணுயிர்களின் பெருக்கம் தடைப்படும் என்பதே இவை யாவற்றிற்கும் பொதுவான அறிவியல்.

கெடுதலைக் குறிக்கும் சொற்கள்

உணவு கெடுவதைத் தமிழர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு மொழியே சான்று. குழம்பு ஊசும், பால் திரியும், மாவு புளிக்கும், முறுக்கு நமுக்கும், எண்ணெய்ப் பண்டம் காறும், பயறு உளுக்கும், பழம் அழுகும், ஊறுகாயில் பூசணம் பூக்கும். ஒவ்வொரு கேட்டிற்கும் தனித்தனி வினைச்சொல் உண்டு.

இச்சொற்கள் எல்லாம் ஒரே அளவு தீங்கைக் குறிப்பன அல்ல. நமுத்த முறுக்கு சுவை இழந்தது, அவ்வளவே. புளித்த மாவு தோசைக்கு ஏற்றது. நீரில் ஊறிப் புளித்த பழைய சோறு, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய அமிலத்தால் ஓரளவு காக்கப்படுவது. ஊசிய குழம்போ பூசணம் பூத்த பண்டமோ அத்தகையதன்று. அதனைத் தவிர்க்கவே வேண்டும். சுவைக்குறை வேறு, நலக்கேடு வேறு என்னும் இவ்வேறுபாடே இன்றைய உணவுச் சட்டத்திற்கும் அடிப்படையாக விளங்குகிறது.

உறையின்மேல் இரண்டு நாள்கள்

உறையிட்ட உணவுகளில் இருவகை நாள்களைக் காணலாம். ஒன்று, ‘இந்நாளுக்குள் பயன்படுத்துக’ என்பது. இது பாதுகாப்பைப் பற்றியது. மற்றொன்று, ‘இந்நாளுக்கு முன் சிறந்தது’ என்பது. இது சுவை, மணம், மொறுமொறுப்பு போன்ற தரத்தைப் பற்றியது. முதல் நாள் கடந்த உணவை உண்ணலாகாது. இரண்டாம் நாள் கடந்த உணவு உடனே நஞ்சாகிவிடுவதில்லை. எனினும் அதன் தரம் குறையத் தொடங்கியிருக்கும்.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. இதன் 27-ஆம் பிரிவு, காலாவதியான பின் உணவை வழங்கும் மொத்த வணிகரையும் விற்கும் வணிகரையும் பொறுப்பாளிகள் ஆக்குகிறது. 2020-இல் வெளியான முத்திரைச்சீட்டு விதிகள், காலாவதி நாளைக் கட்டாயமாகக் குறிக்க வேண்டும் என்றும், ‘முன் சிறந்தது’ என்பதை விரும்பினால் கூடுதலாகக் குறிக்கலாம் என்றும் வகுத்தன.

அச்சிட்ட நாளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. உறையில் கூறியபடி உணவைச் சேமித்தால்தான் அந்நாள் செல்லும். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய பாலைச் சித்திரை வெயிலில் அரைநாள் வைத்தால், நாள் மிச்சம் இருந்தும் பயனில்லை. உறையைப் பிரித்த பின்னரும் அந்நாள் அப்படியே பொருந்தாது.

> தெரிந்து தெளிவோம்
> இனிப்பகங்களில் உறையிடாமல் விற்கும் இனிப்புகளுக்கும் ‘இந்நாளுக்கு முன் சிறந்தது’ என்னும் குறிப்பை வைக்க வேண்டும் என்னும் ஆணை 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

புலன்களுக்கு எட்டாதவை

‘முகர்ந்து பார்த்தால் தெரியாதா?’ என்பது பலரின் வினா. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்களும் நோய் தரும் நுண்ணுயிர்களும் எப்போதும் ஒன்றல்ல. முதல்வகை நாற்றத்தை எழுப்பித் தம் வரவை அறிவிக்கும். இரண்டாம் வகையோ மணத்தையும் நிறத்தையும் மாற்றாமலே பெருகக்கூடும். லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரவல்லது.

‘சூடாக்கி உண்டால் போகாதா?’ என்பது அடுத்த வினா. கொதிநிலை பெரும்பாலான நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆனால், சில நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற நஞ்சு வெப்பத்திற்கு அழிவதில்லை. சமைத்த சோற்றை வெப்பமான அறையில் நெடுநேரம் விட்டுவைத்தால், பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா அத்தகைய நஞ்சை உண்டாக்கக்கூடும். மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு எஞ்சி நின்று வாந்தியைத் தரும்.

நாள் அச்சிடாத தானியம்

உறையில் வரும் உணவிற்கு நாள் உண்டு; களத்தில் குவிந்த தானியத்திற்கு எந்த நாளும் அச்சிடப்படுவதில்லை. அதன் விலையை 1974-இல் மேற்கிந்தியா கொடுத்தது. இராசத்தானின் பன்சுவாரா, குசராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் மக்காச்சோளமே ஏழை மக்களின் முதன்மை உணவு. அவ்வாண்டு பருவம் தவறிப் பெய்த மழையில் கதிர்கள் நனைந்தன. ஈரம் முழுதும் உலராமலே தானியம் வீட்டில் சேர்ந்தது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கியது. வேறு உணவில்லாத குடும்பங்கள் அதனையே உண்டன. மஞ்சள்காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் பரவின. ஆய்வாளர் பதிவு செய்த 397 நோயாளிகளுள் 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவை உண்ட நாய்களும் மடிந்தன. தானிய மாதிரிகளில் கிலோவிற்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது.

இந்நஞ்சை உலகம் அறியத் தொடங்கியது 1960-இல்தான். இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஓரிலட்சத்திற்கு மேல் மடிந்தபோது, காரணம் தேடியவர்கள் இதனைக் கண்டறிந்தனர். சமைப்பதால் இந்நஞ்சு நீங்குவதில்லை. சிறிது சிறிதாக நெடுநாள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் இது காரணமாகும்.

மாட்டுத் தொட்டியும் பால் குவளையும்

பெரம்பலூரில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்திற்குச் செல்கிறது. ஆதலால், பூஞ்சைக்கும் மனிதருக்கும் தொடர்பில்லை என்று கருதலாகாது. மனிதர்க்கு ஆகாத தானியத்தையும் பிண்ணாக்கையும் ‘மாட்டுக்கு ஆகும்’ என்று தொட்டியில் இடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பசு உண்ட அஃப்ளாடாக்சின் உருமாறிப் பாலில் வெளிப்படுகிறது. வீட்டின் பின்புறம் கொட்டப்பட்ட கேடு, மறுநாள் காலையில் குழந்தையின் குவளைக்கே திரும்பி வருகிறது.

இதனைத் தடுக்கும் வழி எளியது. அறுவடை செய்த மணிகளை 12 விழுக்காடு ஈரப்பதம் வரும்வரை உலர்த்த வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்க வேண்டும். பூஞ்சை கண்ட மணிகளை நல்ல மணிகளோடு கலக்கலாகாது. பட்டறை அமைத்து வெங்காயத்தைக் காத்த அறிவே இங்கும் துணைநிற்கிறது.

வீணாக்காமல் காத்தல்

அச்சம் மிகுந்தால் அது வேறொரு கேட்டிற்கு இடமளிக்கும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் பெரும்பகுதி வீடுகளிலிருந்தே வந்தது. ‘முன் சிறந்தது’ என்னும் நாளைக் காலாவதி நாளாகப் பிழைபட எண்ணி நல்ல உணவைக் குப்பையில் இடுவதும் இதற்கு ஒரு காரணம். தேவைக்கு ஏற்ப வாங்குதல், முதலில் வந்ததை முதலில் பயன்படுத்துதல், நாளைப் படித்த பின்னரே பணம் கொடுத்தல் ஆகிய மூன்றும் உடலையும் காக்கும், உணவையும் காக்கும்.

ஒரு பருக்கையும் வீணாகாமல் உண்பது பண்பாடு. கெட்டதை இரக்கமின்றி விலக்குவது அறிவு. இரண்டையும் பிரித்தறிந்து வாழ்பவர் வீட்டில் உணவு மருந்தாகவே இருக்கும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலுள்ள ஐந்து உணவுப் பொருள்களின் உறைகளைப் படித்து, அவற்றில் உள்ளது எவ்வகை நாள் என்பதையும் சேமிப்புக் குறிப்பையும் அட்டவணைப்படுத்துக.
2. உணவு கெடுதலைக் குறிக்க உங்கள் ஊரில் வழங்கும் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை சுவைக்குறையைச் சுட்டுகின்றனவா, நலக்கேட்டைச் சுட்டுகின்றனவா என வகைப்படுத்துக.
3. ‘உணவைக் காத்தலும் உடலைக் காத்தலும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.