மயக்கிற் கண்டதும் மறதியும்

எம்பாற் பாடங்கேட்ட அன்பர் ஒருவரின் புதல்வர் அயல்நாட்டிற் கல்வி பயில்பவர். அவர் அண்மையில் எமக்கு ஒரு முடங்கல் விடுத்தனர். நெதர்லாந்து நாட்டிற்குச் சென்ற காலத்து, ஆங்குக் கடைகளில் விற்கப்படும் சைலோசைபின் அடங்கிய காளான்முடிச்சுக்களை நண்பரோடு உண்டனராம். ‘ஐயா, அன்றிரவு எல்லாம் விளங்கிற்று. விடிந்தபின், விளங்கிற்று என்பது மட்டும் நினைவில் உளது; விளங்கியது யாதென்பது இல்லை. நம் நூல்கள் கூறுந் துரியம் இதுதானோ? இருமடங்கு உண்டால் இழந்தது மீளுமோ?’ என்பன அவர் வினாக்கள். இவ்வினாக்கள் இக்காலத்து இளைஞர் பலர்க்கும் உரியன ஆகலின், அவற்றை ஈண்டுப் பாடமாக வைத்து ஆராய்வாம்.

முதற்கண், இம்மறதி புதியதன்று என்பது அறியத்தக்கது. மனத்தை வேறாக்கும் இத்தகைய பொருள்களுக்குச் ‘சைக்கடெலிக்’ என்னும் பெயர் வழக்கில் வந்தது 1957ஆம் ஆண்டில். அப்பெயரை இட்டவர் ஹம்பிரி ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர். ஆயின் அதற்கு நெடுங்காலம் முன்னரே, வேறினத்தனவாகிய மயக்காவிகளை முகந்தோரும் இதனையே கூறினர். பிரிஸ்டல் நகரில் 1799ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஹம்பிரி டேவி என்னும் வேதியியலறிஞர் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் ஆவியை மிகுதியாக முகந்தார். தாம் பெரும்பொருள்களைக் கண்டுபிடித்ததாகவே அவர்க்குத் தோன்றிற்று. தெளிந்தபின் அவற்றைப் பிறர்க்குக் கூற முயன்றபோதோ, எண்ணங்கள் மெலிந்து உருத்தெரியாவாயின. ஒரு சொற்றொடர் மட்டுமே கைப்பட்டது.

அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமாகிய ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பார் 1870ஆம் ஆண்டு ஹார்வர்டிற் செய்த சொற்பொழிவில் தம் அனுபவம் ஒன்றனைக் கூறினர். ஈதர் ஆவியை முகந்தபோது உலகின் மறைபொருள் முழுதும் தமக்குத் திறந்ததாக உணர்ந்த அவர், மயக்கம் நீங்குமுன் அதனை விரைந்து எழுதிவைத்தனர். தெளிந்தபின் எடுத்துப் படித்தால், எங்கும் டர்பன்டைன் நாற்றம் மிக்குளது என்னும் பொருளதே அதன்கண் இருந்தது. அவர் அதனை நகையோடு கூறினரேனும், நமக்கு அது சிறந்த பாடம். விளங்கிற்று என்னும் உணர்வு வேறு. விளங்கிய பொருள் வேறு. முன்னையது பின்னையது இன்றியும் எழக்கூடும்.

இனி, எல்லாரும் மறப்பர் என்பதும் இல்லை. எல்.எஸ்.டி. என்னும் பொருளைப் பேசல் நகரில் ஆக்கிய ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் ஒரு கிராமின் நாலாயிரத்தில் ஒரு கூறாகிய 250 மைக்ரோகிராம் அளவே உண்டு பேரச்சத்துட்பட்டனர். மறுநாள் நிகழ்ந்தவை அனைத்தும் தமக்கு நன்கு நினைவிலிருந்தன என்றே எழுதினர். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1953ஆம் ஆண்டு மெஸ்கலின் உண்டபோது, உரையாடல்கள் யாவும் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. அப்பதிவின் துணையாலேயே பின்னர்த் தம் நினைவைப் புதுக்கி நூல் வரைந்தனர். ஆகவே பொருளும் அளவும் ஆளும் வேறுபடுதற்கேற்ப நினைவும் வேறுபடும் என்க.

இம்மறதி மூவகையான் நிகழும் எனக் கொள்ளலாம். பதியாமை, பதிந்தும் எட்டாமை, எட்டியுஞ் சொல்லின்மை என்பன அவை. புதிய நிகழ்ச்சிகளை நினைவாகப் பதித்தற்கு மூளையின்கண் இப்போகாம்பஸ் என்னும் உறுப்பு இன்றியமையாதது. அதன் தொழில் கலங்கியவழிப் பதிவுங் குறையும். இப்பொருள்களின் மயக்கில் நிகழ்ச்சியின் கூறுகள் செவ்வனே பதியாதிருப்பவும், ‘இது முன்னரே அறிந்தது’ என்னும் உணர்வு மட்டும் மிகக்கூடும் என ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். இது பதியாமை. சுமையாள் ஒருவன் கள்வெறியில் ஒரு பொதியைத் தவறான வீட்டில் வைத்துவிட்டு, தெளிந்தபோது மறந்து, மீண்டும் வெறியுற்றபோது நினைவுகூர்ந்தான் என்னும் செய்தி 19ஆம் நூற்றாண்டின் மருத்துவ நூலொன்றில் உளது. இது பதிந்தும் எட்டாமை. சொல்லின்மையை வில்லியம் ஜேம்ஸ் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இத்தகைய அனுபவங்களின் முதல் அடையாளமாக வைத்தனர்.

சுமையாள் கதையைக் கேட்ட நம் இளைஞர், ‘அங்ஙனமாயின் யானும் மீண்டும் உண்டால் நினைவு மீளுமன்றோ?’ எனலாம். அற்றன்று. அவன் பொதி இருந்த வீடு நனவுலகிலும் இருந்தது. ஆகலின் அவன் நினைவு மெய்யோ பொய்யோ என்பதைச் சென்று காணல் கூடிற்று. வெறியிலன்றி எங்குங் காணப்படாத பொருளை வெறியிற் கண்டு, வெறியிலேயே உண்மையென உறுதிசெய்தல், ஒருவன் தனக்குத் தானே சான்று கூறுதலை ஒக்கும். அளவை இருமடங்காக்கின் பதிவு இன்னுங் குறையவே இடமுண்டு.

இனி, துரியமோ என்னும் வினாவிற்கு வருவாம். சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரம், உயிர் அமைச்சரோடு கூடிய அரசன்போலக் கருவிகளொடு கூடி ஐந்து அவத்தைப்படும் என்கிறது. கீழாலவத்தையில், நனவின்கண் உயிர்க்குத் துணையாங் கருவிகள் 35; கனவில் 25; உறக்கத்தில் பிராணன், சித்தம், புருடன் என 3; துரியத்தில் பிராணன், புருடன் என 2; அதீதத்தில் புருடன் 1. இவ்வெண்களை நோக்குக. உறக்கத்திற் சித்தம் எஞ்சிநிற்றலான் ‘இனிது உறங்கினேன்’ என எழுந்தபின் கூறுகின்றோம் எனக் கொள்ளலாம். துரியத்தில் அதுவும் இல்லை. ஆகவே மீண்டு வந்து கூறுதற்கு ஒன்றும் இல்லை. இஃது ஏற்றமன்று, இறக்கம். கருவி கழன்றமையால் விளைந்த இருள், மலத்தின் மறைப்பேயாம். அருளாற் கருவிகளினின்று நீங்கும் மேலான நிலைகளை நம் ஆசிரியர்கள் இதனின் வேறாகவே வைத்தனர்.

இவ்விடத்து மாணவர் கொள்ளவேண்டுவது இது: சொல்லமுடியாமையும் நினைவின்மையும் உயர்ந்த அனுபவத்தின் சான்று ஆகா. உயர்நிலையிலும் சொல் ஓயும். இருளிலும் சொல் ஓயும். ஓய்ந்தமை ஒன்றே கொண்டு இன்னதெனத் துணிதல் பிழை. உண்டவர் நிலையும் துரியமும் ஒன்றே என யாம் கூறவில்லை. கருவிகள் ஓய்தல் வேறு, கலங்கல் வேறு. மறதியின் இயல்பை விளக்குதற்கே ஒப்புமை காட்டினாம்.

அங்ஙனமாயின் அவ்வனுபவம் முற்றும் வீணோ எனின், அதுவும் நேர்மையான விடையன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 36 பேர்க்குத் தக்க ஆயத்தமும் காவலும் அமைத்துச் சைலோசைபின் அளிக்கப்பட்டது. 14 திங்கள் கழித்து வினவியபோதும் அவருட் பாதிக்கு மேற்பட்டோர் அதனைத் தம் வாழ்வின் பொருள்மிக்க ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகக் கூறினர். ஆயினும் அவ்வாய்வாளரும் கண்ட காட்சியை மட்டும் நோக்காது, பின்னர் வாழ்வும் ஒழுக்கமும் எங்ஙனம் மாறின என்பதனையும் வினவினர். அதுவே தக்க உரைகல். காவலின்றித் தனியே உண்பது இதனோடு ஒவ்வாது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் இப்பொருள்கள் விலக்கப்பட்டும் உள்ளன.

எம் ஆசிரியர் மாலையிற் பாடஞ் சொல்லி, மறுநாள் வைகறையில், ‘நேற்று விளங்கிற்று என்றாய், இன்று சொல்’ என்பர். சொல்ல இயலாதபோது வெகுளார். மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். அவ்வழியையே அவ்விளைஞர்க்கும் எழுதினோம்: ‘தம்பி, இழந்ததைத் தேடி மீண்டும் உண்ணற்க. எஞ்சியது எத்துணைச் சிறிதாயினும், ஒன்றுங் கூட்டாது எழுதுக. எழுதியதில் நனவிலும் உண்மையாவது உண்டோ எனப் பார்க்க. உண்டாயின் அதனைச் செய்க.’

இருவாரத்திற்குப்பின் விடை வந்தது. எழுதியது அரைப்பக்கந்தான் என்றனர். உலகின் மறைபொருள் எதுவும் அதில் இல்லை. காலஞ்சென்ற தந்தையாரின் கைகளைக் கண்டதும், தாயார் வீட்டிற் தனித்திருப்பதை நினைந்து அழுததும் மட்டுமே இருந்தன. தந்தையார் மறைந்தபின் அவர் ஊர்க்கு வரவில்லை என்பது அம்முடங்கலால் எமக்குத் தெரிந்தது. வரும் விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டதாகவும், அதன்பின் எம்மையுங் காண வருவதாகவும் எழுதியுள்ளார். பாடத்தை முதற்சூத்திரத்திலிருந்து தொடங்க எண்ணியுள்ளோம்.