ஆங்கில இலக்கணம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: தமிழில் ‘இல்’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இன்’ போட்டால் போதும்.

உண்மை: போதாது. சேலத்தில் இருப்பவர் ‘இன் சேலம்’. சேலம் ஜங்ஷனில் காத்திருப்பவர் ‘அட் சேலம் ஜங்ஷன்’. நாமக்கல் பஸ்ஸில் போகிறவர் ‘ஆன் தி பஸ்’. காரில் போனால் மறுபடியும் ‘இன் தி கார்’. தமிழ் ஒரே உருபால் சொல்லிவிடுவதை ஆங்கிலம் பிரிக்கிறது. ஊர், அறை போல உள்ளடக்கும் இடத்துக்கு ‘இன்’. ஒரு புள்ளியாகக் கருதும் இடத்துக்கு ‘அட்’. மேற்பரப்புக்கும் பஸ், ரயிலுக்கும் ‘ஆன்’.

நம்பிக்கை: தமிழில் ‘பற்றி’, ‘கு’ வந்தால் ஆங்கிலத்திலும் பிரிபொசிஷன் வேண்டும்.

உண்மை: மரவள்ளி விலையைப் பற்றி விவாதித்தவர்கள் ‘டிஸ்கஸ்டு தி பிரைஸ்’, ‘அபவுட்’ சேராது. சேலத்துக்கு வந்து சேர்ந்தவர் ‘ரீச்டு சேலம்’, ‘டு’ சேராது. மாறாக, ‘பாட்டுக் கேட்டாள்’ என்பதில் உருபே இல்லை; ஆங்கிலத்தில் ‘லிசன்டு டு’ என்றே வர வேண்டும். எந்த வினை எதை ஏற்கும் என்பதை வினையோடு சேர்த்தே படிப்பது நல்லது.

நம்பிக்கை: நேற்று நடந்ததைக் கேட்க ‘டிட் யூ வென்ட்?’ என்பது சரி.

உண்மை: ‘டிட்’ காலத்தைக் காட்டிவிடுவதால் ‘கோ’ போதும். மறுப்பிலும் ‘டிட் நாட் கோ’தான். தமிழிலும் ‘நேற்றுப் போகவில்லை’ என்றே சொல்கிறோம். அதிலுள்ள ‘போக’ காலம் காட்டுவதில்லை. அந்த வடிவத்தை நினைவில் வைத்தால் இந்தப் பிழை வராது.

நம்பிக்கை: இப்போது இருப்பதையெல்லாம் ‘இங்’ சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்மை: இரண்டு லாரி வைத்திருப்பவர் ‘ஐ ஹேவ் டூ லாரீஸ்’ என்று சொல்ல வேண்டும், ‘ஐ ஆம் ஹேவிங்’ பிழை. உடைமையும் அறிவும் நிலைகள், நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல. தமிழிலும் ‘எனக்குத் தெரியும்’ என்றுதான் சொல்கிறோம். சாப்பிடுவது செயல் என்பதால் ‘ஹேவிங் லஞ்ச்’ சரி.

நம்பிக்கை: முடிந்த எதற்கும் ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ போடலாம்.

உண்மை: முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் கூடாது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது: ‘வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1934’. இன்றுவரை தொடர்வதற்கு ‘ஹேஸ்’ பொருந்தும். நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டமாக இருக்கிறது. தமிழில் இது நிகழ்காலம், ஆங்கிலத்தில் ‘ஹேஸ் பீன்… சின்ஸ் 1997’. தொடங்கிய ஆண்டுக்கு ‘சின்ஸ்’. இருபது வருடமாக என்று கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’.

நம்பிக்கை: இத்தகைய பிழைகளுக்குத் தமிழ்வழிப் படிப்பே காரணம்.

உண்மை: பிரிபொசிஷன் எந்தத் தாய்மொழிக்காரரையும் தடுமாற வைக்கும். வேற்றுமை உருபையும் காலம் காட்டும் இடைநிலையையும் தமிழ்ப் பாடத்தில் நன்கு படித்த மாணவருக்கு இரு மொழிகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி முன்பே கையில் இருக்கிறது.