முக்குளிப்போர் எழுப்பும் காற்றுக் குழல்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில், கல்லின்மேல் கால் ஊன்றிக் கீழே இறங்குபவருக்கும் தோணிக்கும் இடையே ஒரு கயிறு இருந்தது. அதன் மேல்முனையைத் தோணியில் நிற்கும் துணைவர் பற்றியிருப்பார். கீழிருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்துவிடுவார். குளித்தவர் எங்கே இருக்கிறார் என்ற ஐயத்துக்கு இடமே இல்லை.

1943-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தில் கூஸ்தோ, காஞான் என்னும் இருவர், உருளையில் அடைத்த காற்றை மூச்சின் தேவைக்கேற்ப அளிக்கும் கருவியொன்றை உருவாக்கினர். ஸ்கூபா எனப்படும் இம்முறையில் முக்குளிப்பவர் முக்கால் மணி நேரங்கூட நீரடியில் உலவி வரலாம். ஆனால் கயிறு போய்விட்டது. இதனால் விளையும் இடரை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் வேகமுள்ள நீரோட்டம் பெரிதன்று எனத் தோன்றலாம். எனினும் அரை மணியில் அது ஓர் ஆளைச் சுமார் 900 மீட்டர் தூரம் கொண்டு சென்றுவிடும். நீர்மேல் தெரிவதோ தலை ஒன்றே. தேங்காய் மிதப்பது போலத்தான் இருக்கும். சிற்றலையும் அதை மறைத்துவிடும். முக்குளித்தவர் படகைக் காண்பார். படகிலுள்ளோர் அவரைக் காணார்.

2022 ஏப்ரல் 6-ஆம் தேதி மலேசியாவில் மெர்சிங் கடலில் நால்வர் மேலெழுந்தபோது அவர்களுடைய படகு அங்கில்லை. கப்பல்களும் விமானங்களும் தேடின. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவரை 9-ஆம் தேதி மீனவர் கண்டெடுத்தனர். உடன் சென்ற 14 வயதுச் சிறுவன் கடலிலேயே உயிர் துறந்தான். விரிகடலில் மிதக்கும் மனிதரைக் கண்டுபிடிப்பது அத்துணை அரிது.

இதன் பொருட்டே முக்குளிப்போர் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறக் குழல் ஒன்றைச் சுருட்டி எடுத்துச் செல்கின்றனர். காற்றூதி நிமிர்த்தினால் ஏறக்குறைய ஆள் உயரம் நிற்கும். தலையை விட வெகு தொலைவிலிருந்து கண்ணில் படும். இரவாயின் கைவிளக்கொளியை அதன்மேல் பாய்ச்சலாம்.

தேர்ந்தவர்கள் இதை நீரடியிலிருந்தே நூலில் பிணைத்து மேலே விடுகின்றனர். மேலெழுமுன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவது வழக்கமாதலால், அதற்குள் படகோட்டி இடத்தை அறிந்துகொள்கிறார். இதில் ஒரு நுட்பம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கே அரைக்குழல் காற்று அடைத்தால் மேலே வரும்போது முழுக்குழலாக விரிந்துவிடும். நூலை உடம்பில் கட்டிக்கொள்ளலாகாது; சிக்கினால் உடனே கைவிட வேண்டும். பிடித்துக்கொண்டு குழலோடு விரைந்து மேலேறுபவருக்கு நுரையீரல் பழுதுபடக்கூடும்.

புதுச்சேரி, சென்னை கடலோரங்களிலும் இப்பொழுது ஸ்கூபா முக்குளிப்பு நடைபெறுகிறது. ஆதலால் நம் மீனவர்கள் இக்குழலை அறிந்திருப்பது நலம். கண்டவுடன் இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து விலகிச் செல்ல வேண்டும். நீரோட்டத்தில் நூல் சாய்வதால் ஆள் குழலுக்கு நேர் கீழே இருப்பார் என்று கொள்ளலாகாது. மேலெழுந்தவர் குழலை ஆட்டி அழைத்தாலோ, காற்று வரும் திசையை விடுத்து மெல்ல அணுகி, இயந்திரத்தை நிறுத்திய பின்னரே கயிறு வீச வேண்டும்.